டைட்டில் ஒன் பள்ளி என்றதும் ஓட வேண்டாம்: ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவின் மதிப்புரை

ஹூஸ்டன் பக்கம் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கேட்பது, அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதுதான். அடுத்த கேள்வி, "அது டைட்டில் ஒன் பள்ளியா?" ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்கு ஃபெடரல் அரசு தரும் கூடுதல் பணத்தின் பெயர்தான் டைட்டில் ஒன். யாராவது ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த அபார்ட்மெண்ட்டைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடும். என் மகளும் மகனும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் படிக்கிறார்கள். கணவரின் அக்கா மனு போட்டு, 2022-இல் கிரீன் கார்டில் வந்தவர்கள் நாங்கள். கணவருக்கு ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். நான் ஒரு மளிகைக் கடையில் பகுதி நேரம் கல்லாவில் நிற்கிறேன். எங்களுக்குக் கட்டுப்படியான வாடகை இருந்த இடத்தில் இருந்த பள்ளி இது.

பள்ளிக் கட்டடத்தையோ, ஏதாவது ஓர் ஆசிரியரையோ மதிப்பிட நான் வரவில்லை. வாஷிங்டனிலிருந்து வரும் ஃபெடரல் பணத்தில் இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னென்ன கிடைக்கிறது, அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். வாசிப்புக்குக் கூடுதல் ஆசிரியர், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கான உதவி, பேச்சுப் பயிற்சி, காலை மதியச் சாப்பாடு, அம்மாக்களுக்கான மாலை வகுப்பு, எல்லாவற்றையும் நாங்கள் பயன்படுத்தியிருக்கிறோம். ஐ.எஸ்.டி.யின், அதாவது இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின், பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அதனால் அங்கே வேலை செய்யும் ஒருவருக்கும் சங்கடம் வர வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. நாடு முழுவதும் பார்த்தால், சாதாரண ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் வருமானத்தில் ஃபெடரல் பங்கு ஒரு டாலருக்குப் பத்து சென்ட்கூட இல்லை. மிச்சமெல்லாம் மாநிலத்தின் பணமும், உள்ளூர்ச் சொத்து வரியும். பள்ளியையே வாஷிங்டன்தான் நடத்துகிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு, அது சரியில்லை. ஆனால் அந்தச் சிறு பங்கு யாருக்காக வருகிறது என்பதுதான் முக்கியம். ஏழைப் பிள்ளைக்கு, ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு, உடலிலோ பேச்சிலோ கற்றலிலோ சிரமம் உள்ள பிள்ளைக்கு என்று பெயர் குறித்து வருகிறது. கூடவே நிபந்தனைகளும் வருகின்றன. எங்கள் வீட்டுக்குப் பணத்தைவிட அந்த நிபந்தனைகள்தான் அதிகம் உதவின. இதை நம்மவர்களில் நிறையப் பேர் அறியாமலே டைட்டில் ஒன் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டைட்டில் ஒன் என்பது 1965-இல் வந்த தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதல் பகுதி. இப்போதைய வடிவம் 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்டது. ஆண்டுக்குச் சுமார் 1,840 கோடி டாலர் இதில் போகிறது. ஒரு பள்ளி மாவட்டத்தில் 5 முதல் 17 வயதுக்குள் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்ற மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாவட்டத்துக்கு வரும். மாவட்டம் அதை ஏழ்மை அதிகமுள்ள பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பிள்ளைகளில் 40 சதவீதமாவது குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து வந்தால், பணத்தை முழுப் பள்ளிக்குமான திட்டமாகச் செலவிடலாம். எங்கள் பள்ளி அந்த வகை. ஆக, டைட்டில் ஒன் என்பது மோசமான பள்ளிக்குக் குத்தும் முத்திரை இல்லை. கூடுதல் ஆள் போட்டுக்கொள்ளப் பணம் வருகிறது என்பதற்கான அடையாளம்.

அந்தக் கூடுதல் ஆளை என் மகள் மூலமாகப் பார்த்தேன். வந்த வருஷம் அவள் முதல் வகுப்பு. எழுத்தைக் கூட்டிப் படிப்பாள், படித்தது என்ன என்று கேட்டால் முழிப்பாள். வகுப்பு ஆசிரியர் ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிட்டு, வாசிப்புப் பயிற்சி ஆசிரியரிடம் அனுப்பினார். மூன்று நான்கு பிள்ளைகள், ஒரு அரைவட்ட மேசை, தினமும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அந்த ஆசிரியரின் சம்பளம் டைட்டில் ஒன் பணத்திலிருந்து என்று பிறகு பெற்றோர் கூட்டத்தில் தெரிந்துகொண்டேன். அவர் என் மகளுக்கு ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். நம் பிள்ளைகளுக்கு 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது. உதட்டைப் பார்க்கச் சொல்லிச் சொல்லியே அதை அவளுக்குப் பழக்கினார். வாரா வாரம் ஒரு பக்க வரைபடம் வீட்டுக்கு வரும், நிமிடத்துக்கு எத்தனை சொல் படித்தாள் என்று. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அந்த மேசை அவளுக்குத் தேவைப்படவில்லை. இதற்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன். வெளியே ஒரு டியூஷன் மையத்தில் இதே கவனிப்புக்கு எங்கள் வீட்டு வாடகையில் பாதி போயிருக்கும்.

இந்தப் பணத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. மாநிலமும் மாவட்டமும் எப்படியும் செய்ய வேண்டிய செலவை இதில் தள்ளிவிட்டு, தங்கள் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பதற்கு மேல்தான் இதைச் சேர்க்க வேண்டும். வகுப்பு ஆசிரியரை எடுத்துவிட்டு அவர் இடத்தில் வாசிப்பு ஆசிரியரை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இதனால் இடமில்லை.

ஆங்கில உதவிக்கு வருகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் என்று எழுதினால் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை வரிசையில் சேரும் என்று ஒரு தங்கை என்னிடம் சொன்னாள். அப்படி எழுதினால் நடப்பது ஒன்றே ஒன்றுதான், சோதனையும் கிடையாது, உதவியும் கிடையாது. தமிழ் என்று எழுதினால் சோதனை வைப்பார்கள். தேவை என்று தெரிந்தால் இ.எஸ்.எல். எனப்படும், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கான வகுப்புக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. டெக்சஸில் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் டெல்பாஸ் என்ற தேர்வு வைத்து, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கையும் பார்ப்பார்கள். தேறி வெளியே வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

இதில் எது எந்தப் பணம் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிள்ளைக்குப் புரியும்படி கற்பிக்க வேண்டும் என்பது மாவட்டத்தின் கடமை. சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் மாணவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டோம் என்றால் அது சமம் ஆகிவிடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதனால் அடிப்படை இ.எஸ்.எல். வகுப்பு மாநில, உள்ளூர்ப் பணத்தில் நடக்கிறது. அதே கல்விச் சட்டத்தில் ஆங்கிலம் கற்பவர்களுக்கான பகுதிதான் டைட்டில் மூன்று. அந்த ஃபெடரல் பணம், நாட்டுக்கே சுமார் 89 கோடி டாலர்தான், அதற்கு மேல் சேர்ப்பதற்கு: ஆசிரியர் பயிற்சி, கோடை வகுப்பு, பெற்றோருக்கான உதவி.

எங்கள் பள்ளி நூலகத்தில் மாலையில் நடந்த பெற்றோர் ஆங்கில வகுப்பு அந்தக் கணக்கில்தான் வந்தது. நான் தமிழ்வழியில் படித்தவள். கடையில் பேசும் ஆங்கிலம் வந்துவிட்டது, ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலம் வரவில்லை. ஹோண்டுராஸ், வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று பல ஊர் அம்மாக்களோடு உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுக்க வேண்டும், சந்திக்க நேரம் வேண்டும் என்று எழுதிப் பழகினேன். சிறு பிள்ளைகளைப் பக்கத்து அறையில் ஒருவர் பார்த்துக்கொண்டார். அந்த ஏற்பாடு இல்லையென்றால் பாதிப் பேர் வந்திருக்க முடியாது.

2025 ஜூலையில் ஒரு பயம் வந்தது. ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குப் போக வேண்டிய சுமார் 680 கோடி டாலரை டிரம்ப் நிர்வாகம் நிறுத்தி வைத்தது. டைட்டில் மூன்று, ஆசிரியர் பயிற்சிக்கான பணம், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்புகளுக்கான பணம் எல்லாம் அதில் அடக்கம். மாத இறுதிக்குள் விடுவித்துவிட்டார்கள். ஆனால் ஆகஸ்டில் பள்ளி திறக்கும் மாவட்டத்துக்கு ஜூலைதான் ஆள் எடுக்கும் மாதம். எங்கள் மாலை வகுப்புக்கான அறிவிப்பு வரவே இல்லை. கேட்டபோது, நிதி உறுதியாகவில்லை என்று பதில் வந்தது. பிறகு தாமதமாகத் தொடங்கினார்கள், பழைய ஆசிரியை அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். பணம் வந்துவிட்டது என்று செய்தியில் சொல்வதும், வகுப்பு நடப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த வருஷம் பார்த்தோம். கோவிட் பணத்திலும் இப்படித்தான். மூன்று தவணையாக 19,000 கோடி டாலருக்கு மேல் நாடு முழுக்க வந்தது, கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் கணக்கில் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்று கெடு. அந்த இலையுதிர் காலத்தில் மகளின் மாலைக் கணக்கு டியூஷன் நின்றுவிட்டது. ஒரு பிள்ளைக்குத் தேவை தீர்ந்ததா என்று பார்த்து நிறுத்தவில்லை, தேதி வந்தது, நிறுத்தினார்கள். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

இப்போது மகன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் வீடுகளில் மௌனம் அதிகம்.

நான்கு வயதில் அவனுக்குப் பேச்சு தெளிவில்லை. "அம்மா பால் வேணும்" என்று சேர்த்துச் சொல்ல மாட்டான். "மா... பா" என்பான். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு டெக்சஸில் மாநிலம் இலவசமாகத் தரும் பிரீ-கே என்ற மழலையர் வகுப்பில் சேர்த்தோம். பள்ளியில் ஒருவரிடம் கேட்டேன். இரண்டு மொழிக் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும், பொறுத்திருங்கள் என்றார். ஊரில் மாமியாரும் அதையேதான் சொன்னார். எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒரு மெக்சிகோ அம்மா, அவர் மகனுக்கு ஆட்டிசம், என்னை உட்கார வைத்துச் சொன்னார்: வாயால் கேட்காதே, எழுதிக் கொடு, தேதி போடு, ஒரு நகல் வைத்துக்கொள்.

எழுதிக் கொடுத்தேன், நான்கே வரி. என் மகனுக்குப் பேச்சில் சிரமம் இருப்பதாக நினைக்கிறேன், சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு செய்யுமாறு கேட்கிறேன், அவ்வளவுதான். டெக்சஸில் அப்படி எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் மாவட்டம் பதில் சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறோம் என்றோ, மறுக்கிறோம், காரணம் இது என்றோ. நாம் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகு 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். வாயால் கேட்டபோது நகராத காரியம், தாளில் கொடுத்ததும் நகர்ந்தது.

மதிப்பீடு செய்த பேச்சு நிபுணர் செய்த ஒரு காரியத்தை மறக்க மாட்டேன். பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லி, தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். இலங்கைத் தமிழ் பேசும் பெண்மணி. வீட்டில் இவன் எப்படிப் பேசுவான், எந்த எழுத்தை விழுங்குகிறான், சொல்வது புரியாவிட்டால் கையால் காட்டுவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வீட்டில் எடுத்த வீடியோவையும் போட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் சிரமம் என்றால் அது மொழி பழகும் தாமதம். தமிழிலும் அதே சிரமம் இருந்தால் அது பேச்சுக் குறைபாடு. மகனுக்குத் தமிழிலும் இருந்தது. ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்ன விஷயத்துக்கு இப்படித் தெளிவாக விடை வந்தது.

அப்புறம் ஆர்ட் கூட்டம், மகனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதும் கூட்டம். மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. கூட்டம் என்பார்கள், டெக்சஸில் ஆர்ட். ஒரு நீள மேசையைச் சுற்றி நிபுணர், வகுப்பு ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், நிர்வாகி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான குழுவின் ஆள், அவர்களோடு நானும். நான் விருந்தாளி இல்லை, குழுவின் உறுப்பினர் என்று சட்டமே சொல்கிறது. அன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர் உண்டு, நமக்கு ஒரு பைசா செலவில்லை. ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கூட்டத்தை நிறுத்தி, 10 பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூட்டலாம். முதல் முறை சேவை தொடங்க நம் எழுத்துச் சம்மதம் கட்டாயம். இதெல்லாம் எழுதிய உரிமைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அது வக்கீல் ஆங்கிலம், எனக்குத் தமிழில் கிடைக்கவில்லை. மாலை வகுப்பு ஆசிரியையோடு உட்கார்ந்து சில பக்கங்கள் படித்தேன்.

இந்தச் சிறப்புக் கல்விச் சட்டம் 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது. இப்போது ஐ.டி.இ.ஏ. என்கிறார்கள். அதற்கு முன் இந்த நாட்டிலும் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஒரு மாணவருக்கு நாட்டில் ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை, சிறப்புக் கல்விப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஃபெடரல் தரும் என்று அன்று சொன்னார்கள். இன்று பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக வருவது ஆண்டுக்குச் சுமார் 1,420 கோடி டாலர், அந்தச் சொல்லில் பாதிகூட இல்லை. மிச்சத்தை மாநிலமும் மாவட்டமும் சுமக்கின்றன. அதனால்தான் நிபுணர்கள் போதவில்லை, இருப்பவர்கள் இரண்டு மூன்று பள்ளிக்கு ஓடுகிறார்கள்.

நிபந்தனைதான் பெரிது என்று மேலே சொன்னதற்கு டெக்சஸே சாட்சி. 2004-இல் மாநிலக் கல்வி நிறுவனம், சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பதை ஓர் அளவுகோலாக வைத்தது. மாவட்டங்கள் பிள்ளைகளைச் சேர்க்காமல் தள்ளின. நாட்டின் சராசரி 13 சதவீதம் இருந்தபோது டெக்சஸ் 8.5-இல் நின்றது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது. 2018 ஜனவரியில் ஃபெடரல் கல்வித் துறை, இது சட்டத்துக்கு எதிரானது என்று அறிவித்து, மாநிலத்தைத் திருத்திக்கொள்ளச் செய்தது. பணம் மட்டும் கொடுத்துவிட்டு யாரும் கேட்காமல் இருந்திருந்தால் என் மகனைப் போன்றவர்கள் இன்னும் காத்திருப்பார்கள். கல்வித் துறையையே மூட வேண்டும் என்று 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டபோது, நிதி வேறு துறை வழியாக வந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நிதி வரலாம். யார் போய்க் கேட்பார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை.

மகனுக்கு வாரம் 60 நிமிடம் பேச்சுப் பயிற்சி எழுதினார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வருஷத்தின் நடுவில் நிபுணர் விலகினார், புதியவர் வரும் வரை பயிற்சி இல்லை. பள்ளி தானாக எதுவும் சொல்லவில்லை. மகன் வீட்டுக்கு வந்து "ஸ்பீச் இல்ல" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. மறுபடி எழுதினேன். தவறிய நேரத்தை ஈடுகட்டித் தர வேண்டும் என்று கேட்டேன். கோடையில் கொடுத்தார்கள். இப்போது முழு வாக்கியம் பேசுகிறான், அக்காவோடு சண்டை போடும் அளவுக்கு. பயிற்சியின் தரத்துக்கு ஐந்து. தகவல் சொல்லும் முறைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

சாப்பாடு. தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-இலிருந்து இருக்கிறது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 130 சதவீதம் வரை இலவசம், 185 சதவீதம் வரை குறைந்த விலை, மதியச் சாப்பாட்டுக்கு 40 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் இலவசம், படிவமே இல்லை. ஏழ்மை அதிகமுள்ள பள்ளிகள் இப்படிச் சேரலாம் என்று 2010 சட்டம் வழி செய்தது. 2023-இல் அதற்கான வரம்பை 40 சதவீதத்திலிருந்து 25-ஆகக் குறைத்தார்கள். யார் காசு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சத்துணவு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு இந்த ஒரு காரியத்துக்காகவே பள்ளி பிடித்துப் போனது. ருசி என்று பார்த்தால் சுமார்தான். சைவம் சாப்பிடும் பிள்ளைக்குச் சீஸ் பீட்சா, பீன்ஸ் பரீட்டோ, தயிர் என்று திரும்பத் திரும்ப வரும். பழமோ காயோ அரைக் கப் எடுத்தே ஆக வேண்டும், கேரட் குச்சிகள் பாதி குப்பைக்குப் போகின்றன. மாதப் பட்டியலை முன்கூட்டியே போடுகிறார்கள், எதில் மாட்டிறைச்சி, எதில் பன்றி இறைச்சி என்று பார்த்துப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பலாம்.

ஒரு நீண்ட வார விடுமுறையில் ஸ்டோன்வால் ஊருக்குப் பக்கத்தில் ஜான்சன் பண்ணைக்குப் போனோம். இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா. அங்கே ஜங்ஷன் பள்ளி என்று ஒரு சின்னக் கட்டடம், லிண்டன் ஜான்சன் நான்கு வயதில் படிக்கப் போன இடம். 1965 ஏப்ரல் 11 அன்று, அதிபராக, அந்தப் பள்ளியின் வெளியே மேசை போட்டு, தன் முதல் ஆசிரியை கேட் டெட்ரிக் லோனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டைட்டில் ஒன் அடங்கிய அந்தக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1928-இல் கொட்டூலா என்ற ஊரில் ஏழை மெக்சிகோக் குடும்பப் பிள்ளைகளுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் பசியோடு வருவார்கள் என்று பின்னால் நாடாளுமன்றத்தில் பேசும்போது நினைவுகூர்ந்தார். மகளிடம் இதைச் சொன்னேன். "எங்க ஸ்கூல்ல பிரேக்ஃபாஸ்ட் தர்றாங்களே" என்றாள்.

இனி யாருக்கு இந்தப் பள்ளி சரி வரும் என்பது. ஆங்கிலத்தில் சரளமாக, வகுப்பைத் தாண்டி ஓடும் பிள்ளை என்றால், மேம்பட்ட பாடங்களுக்கான வாய்ப்புகள் எப்படி என்று தனியாக விசாரியுங்கள். அதில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு, ஃபெடரல் பணம் அதற்கு அதிகம் உதவாது. கைதூக்கிவிட வேண்டிய நிலையில் உள்ள பிள்ளை, புதிதாக ஊர் வந்த பிள்ளை என்றால், பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளியைவிட இங்கே ஆள் அதிகம். விசா பற்றிப் பயந்து சேர்க்காமல் இருக்க வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் டெக்சஸ் வழக்குதான். வீடு இழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் கையில் காகிதம் இல்லாமலே உடனே சேர்க்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைக்கு மூன்று வயது ஆகவில்லை, பேச்சிலோ நடையிலோ சந்தேகம் என்றால் பள்ளிக்குப் போக வேண்டாம், டெக்சஸில் இ.சி.ஐ. என்ற திட்டம் வீட்டுக்கே வந்து பார்க்கும்.

சேர்த்த பிறகு, ஆசிரியரின் தகுதி என்ன என்று கேளுங்கள், டைட்டில் ஒன் பள்ளியில் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். உரிய தகுதி இல்லாத ஆள் தொடர்ந்து நான்கு வாரம் வகுப்பெடுத்தால் கேட்காமலே கடிதம் வர வேண்டும். டைட்டில் ஒன் பணமாக 5,00,000 டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் அதில் ஒரு சதவீதத்தையாவது பெற்றோருக்காக ஒதுக்க வேண்டும். அதை எப்படிச் செலவிடலாம் என்பதில் நமக்கும் பேச்சு உண்டு.

அந்தப் பேச்சு நடக்கும் வருடாந்திரக் கூட்டம்தான் எங்கள் பள்ளியில் பலவீனம். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு வைக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்களும், கடை திறக்கப் போகிறவர்களும் எப்படி வருவது? காலை, மாலை என்று வெவ்வேறு நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும் என்றும், பிள்ளை பார்த்துக்கொள்ளவும் வண்டி ஏற்பாட்டுக்கும் இதே பணத்தைப் பயன்படுத்தலாம் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கும் ஒரு கூட்டம் வேண்டும் என்று நானும் இன்னும் சில அம்மாக்களும் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.